கத்தரிக்கோலோடு தொங்கும் வளையம்

சட்டை மாட்டும் கம்பி ஹேங்கர் ஒன்றை இழுத்து நெளித்து வட்டமாக்குகிறார்கள். இரு முனையும் முறுக்கிய தாளில் பொதிந்த பெப்பர்மின்ட், பட்டர்ஸ்காட்ச் மிட்டாய்களை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு முனையை மட்டும் நூலால் கம்பியோடு சேர்த்து முடிச்சிடுகிறார்கள். மறுமுனை சும்மா நிற்கும். முடிச்சுகளை நெருக்கித் தள்ளத் தள்ள, இடம் போதாமல் மிட்டாய்கள் நாலாபக்கமும் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். உள்ளே கம்பி இருப்பதே தெரியாது. மேலே தொங்கவிட ஒரு சிவப்பு நாடா. கீழே இன்னொரு நாடாவில் சின்னக் கத்தரிக்கோல். அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கட்டும் மிட்டாய் வளையம் இது. வீட்டுக்கு வருகிறவர்கள் போகும்போது ஆளுக்கொரு மிட்டாயைக் கத்தரித்து எடுத்துக்கொள்ளலாம். இதிலேயே இன்னொரு வகையும் உண்டு. தெர்மாகோல் வளையத்தின் மேல் குளூ கன்னால் மிட்டாய்களை வரிசையாக ஒட்டி, பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் வார்னிஷ் அடித்துவிடுவார்கள். பண்டிகை முடிந்ததும் உறையில் போட்டுப் பரணில் ஏற்றினால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு புனித நாளை அலங்கரிப்பது என்றால் என்ன என்ற பழைய கேள்விக்கு இவை இரண்டும் நேரெதிரான விடைகள். புனிதத்துக்கு உரிய பொருள் காக்கப்பட வேண்டுமா, தீர்க்கப்பட வேண்டுமா? கண்ணுக்கு விருந்தாக நின்றால் போதுமா, கைக்கும் வாய்க்கும் போய்ச் சேர வேண்டுமா? கட்டிய வளையமே கிறிஸ்துமஸின் பொருளுக்கு நெருங்கியது என்பது என் துணிபு. பிறருக்குக் கொடுத்துக் குறைவதற்கென்றே செய்யப்பட்ட அலங்காரம் அது. கடவுள் தம்மையே மனிதருக்குக் கொடுத்தார் என்று நம்புகிறவர்கள் கொண்டாடும் நாளுக்கு அதைவிடப் பொருத்தமான அணிகலனைக் காண்பது கடினம். மிட்டாய் வேடிக்கைப் பொருள்தானே, அதற்கு இவ்வளவு இறையியலா என்று தோன்றலாம். இந்த விவகாரத்தைத் தொடங்கிவைத்தவர்களே இறையியலாளர்கள்தான்.

கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றிக் கிடைக்கும் பழைய குறிப்புகளில் 1605ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஒன்று பேர்பெற்றது. ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தார் தங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபர் மரத்தை நிறுத்தி, பல நிறக் காகிதத்தில் வெட்டிய ரோஜாக்களையும் ஆப்பிளையும் மெல்லிய அப்பங்களையும் பொற்தகட்டையும் சர்க்கரைப் பண்டத்தையும் அதில் தொங்கவிட்டதாக அது சொல்கிறது. கண்ணாடி உருண்டைகளும் மின்விளக்குகளும் வந்தது பிற்காலத்தில். மரத்தில் முதலில் ஏறிய அலங்காரத்தில் பெரும்பங்கு தின்பண்டம். டிசம்பர் 24 ஆதாம் ஏவாளின் நினைவுநாள் என்பதால் ஆப்பிள் ஏதேன் தோட்டத்தைக் குறிக்கிறது என்றும், அப்பம் நற்கருணையைக் குறிக்கிறது என்றும் விளக்கம் சொல்வது வழக்கம். அப்படியானால் விழவைத்த கனியும் தூக்கிவிட்ட அப்பமும் ஒரே கிளையில் தொங்கின, நடுவே சர்க்கரை. அதே ஸ்ட்ராஸ்பர்கில், 1640களில், யோஹான் கொன்ராட் டான்ஹவர் என்ற லூத்தரன் இறையியலாளர் இந்த வழக்கத்தைக் கண்டித்தார். மரத்தில் பொம்மைகளையும் சர்க்கரையையும் தொங்கவிட்டு, பிறகு அதை உலுக்கிப் பறித்துத் தின்பது வெறும் அற்ப விளையாட்டு. மக்கள் இறைவார்த்தையைவிட இதற்கே அதிக இடம் கொடுக்கிறார்கள். குழந்தைகளுக்குக் காட்ட வேண்டியது கிறிஸ்து என்னும் ஆன்மிகக் கேதுரு மரத்தை என்றார்.

டான்ஹவரின் கவலையைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. நம் காலத்தில் அது இன்னும் வலுத்திருக்கிறது. டிசம்பர் முழுவதும் கடைவீதி இனிப்பால் நிரம்புகிறது. பிறந்த குழந்தையைப் பற்றிய பேச்சு மட்டும் குறைகிறது. குறிக்கப்படும் பொருளைக் குறியீடு விழுங்கிவிடும் ஆபத்து எல்லாச் சமயங்களிலும் உண்டு. ஆனால் அவர் சொன்ன மருந்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. இனிப்பை விலக்கிவிட்டு ஆன்மிக மரத்தைக் காட்டு என்பது, உடலைத் தொடாமல் உள்ளத்தை மட்டும் தொட முடியும் என்று நம்புவது. கிறிஸ்துமஸ் கதையின் போக்கே அதற்கு எதிரானது. லூக்கா சொல்லும் வரலாற்றில் குழந்தையைக் கிடத்துவது மாடுகள் தின்னும் தீவனத் தொட்டியில். அந்தக் குழந்தை வளர்ந்து கடைசி இரவில் நண்பர்களுக்கு விட்டுச்சென்ற நினைவுச் சின்னம் கல்வெட்டோ ஓவியமோ அல்ல. பிட்டுக் கொடுத்த அப்பம். தின்று தீர்க்கப்படும் ஒரு பொருளை நடுமேடையில் வைத்திருக்கும் சமயம், கதவில் தின்பண்டம் தொங்குவதைக் கண்டு கூச வேண்டியதில்லை. பறித்துத் தின்கிறார்களே என்று டான்ஹவர் வருந்தினார். அந்தப் பறிப்பில்தான் மரத்துக்கும் வீட்டாருக்கும் உண்மையான உறவு ஏற்பட்டது என்று நான் நினைக்கிறேன். பார்த்துவிட்டுப் போக மட்டும் வைத்த மரமாக இருந்தால் அது சுவர்ச் சித்திரத்தோடு நின்றிருக்கும்.

விவிலியத்தின் பழைய பகுதியிலேயே இதற்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் பாலைநிலத்தில் விழும் மன்னாவைத் தேன் சேர்த்த பணியாரத்தின் சுவையுடையது என்று வர்ணிக்கிறார்கள். வானிலிருந்து இறங்கிய முதல் உணவே இனிப்பு! அந்த இனிப்புக்கு ஒரு சட்டம் இருந்தது: அன்றன்றைக்குரியதை அன்றன்றைக்கே உண்ண வேண்டும். நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்துவைத்தவர்களின் பாத்திரத்தில் புழு வைத்து நாறியது. வார்னிஷ் அடித்துப் பரணில் ஏற்றும் மனநிலைக்கு இதைவிடப் பழைய கண்டனம் எனக்குத் தெரியாது. ஆனால் அதே அதிகாரம் எதிர்க்கட்சிக்கும் ஒரு சான்று தருகிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. ஒரு ஓமர் அளவு மன்னாவை மட்டும் ஒரு கலத்தில் இட்டு, வரும் தலைமுறையினர் பார்க்கும்படி ஆண்டவர் முன் வைக்கச் சொல்லி மோசே ஆரோனுக்குக் கட்டளையிடுகிறார். அது கெடவில்லை. ஆக, காத்துவைக்கவும் இடம் உண்டு. எத்தனைக்கு எத்தனை என்று பாருங்கள்: நாற்பது ஆண்டு முழுக்க ஒரு மக்கள் கூட்டம் உண்டு தீர்த்தது, ஒரே ஒரு கலம் நினைவுக்காக. வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் காக்கும் பிறப்புக் குடில் பொம்மைகள் அந்தக் கலத்தின் வேலையைச் செய்கின்றன. அவை இருக்கட்டும். மிட்டாயையும் அந்தக் கலத்தில் போட்டு அடைக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது.

உண்ணக்கூடிய அலங்காரத்தைப் பற்றி மிக நுணுக்கமாகச் சிந்தித்தவர்கள் யூத அறிஞர்கள். கூடாரப் பண்டிகையின்போது வீட்டுக்கு வெளியே தழை வேய்ந்த குடில் கட்டி ஏழு நாள் அதில் தங்குவது அவர்கள் வழக்கம். குடிலை அழகுபடுத்தத் தொங்கவிடும் பொருள்களை அவர்களுடைய சட்ட நூலான தல்மூத் பட்டியலிடுகிறது: கொட்டைகள், வாதுமை, பீச், மாதுளை, திராட்சைக் குலை, தானியக் கதிர்களால் கட்டிய வளையம், திராட்சை ரசம், எண்ணெய், நயமான மாவு. எல்லாம் உண்ணும் பொருள்; நடுவில் வளையமும் இருக்கிறது. இவற்றைப் பண்டிகையின் கடைசி நாள் முடியும் வரை தொடக் கூடாது என்பது விதி. ஏன்? ஒருமுறை புனிதச் செயலுக்கென்று ஒதுக்கிவிட்ட பொருளைப் பசித்தபோது கைநீட்டிப் பறித்தால் அந்தச் செயல் அவமதிக்கப்படுகிறது. ஆனால் விதி அதோடு நிற்கவில்லை. தொங்கவிடும் வீட்டுக்காரர் பண்டிகை பிறப்பதற்கு முன்பே, நான் இதிலிருந்து விலகியிருக்கப் போவதில்லை என்று நிபந்தனை சொல்லிவைத்திருந்தால், அந்த நிபந்தனைப்படி நடக்கலாம். இந்தச் சட்ட நுட்பத்தின் அழகு என்னை மிகவும் ஈர்க்கிறது. பொருள் அதே மாதுளை. தொங்குவது அதே கயிற்றில். அதைப் பறிப்பது அவமதிப்பா கொண்டாட்டமா என்பதைத் தீர்மானிப்பது முன்கூட்டிக் கொண்ட எண்ணம். மிட்டாய் வளையத்தில் தொங்கும் கத்தரிக்கோல், எனக்குத் தெரிந்தவரை, அந்த நிபந்தனையைக் கண்ணுக்குத் தெரியும் வடிவில் செய்துவைத்தது. இதைக் கட்டும்போதே கொடுப்பதென்று முடிவுசெய்துவிட்டோம் என்பதை வாய்திறந்து சொல்லாமல் அது வாசலிலேயே அறிவிக்கிறது. அதனால் வந்தவர் ஒன்றைக் கத்தரிக்கும்போது அலங்காரம் கெடவில்லை. அதற்கு நினைத்திருந்த வேலை நடக்கிறது.

சுவீடனில் இதே எண்ணத்துக்கு வேறு கால அட்டவணை. ஜனவரி 13, புனித கனூட் நாள் வரை மரம் நிற்கும். அன்றைக்குக் குழந்தைகள் கூடி ஆடிப்பாடி, மரத்தில் மிச்சமிருக்கும் இனிப்புகளைப் பறித்துக்கொண்டு, மரத்தை வெளியேற்றுவார்கள். கிட்டத்தட்ட தல்மூத்தின் முதல் விதிதான். ஓர் ஊர் கடைசி நாளில் தீர்க்கிறது, இன்னோர் ஊர் நாள்தோறும் தீர்க்கிறது. தீர்க்கவே கூடாது என்ற விதி இந்த மரபுகள் எதிலும் இல்லை. அதைக் கொண்டுவந்தது பசை. பசையைக் குறைசொல்ல எனக்குத் துணை கிடைப்பது எதிர்பாராத இடத்திலிருந்து. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜின் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் தலையில் மலர்முடி சூடவே கூடாது என்று ஒரு நூல் எழுதினார். பேரரசர்கள் வழங்கிய வெகுமதியைப் பெறும்போது லாரல் முடியைத் தலையில் அணியாமல் கையில் பிடித்திருந்து, அதற்காகச் சிறைப்பட்ட ஒரு கிறிஸ்தவப் படைவீரனுக்கு ஆதரவாக எழுதியது அது. வளையம் என்பதே புறச்சமய எச்சம் என்று இன்றைக்கு வாதிடுகிறவர்கள் இவரைத் துணைக்கழைக்கக்கூடும். இவருடைய வாதத்தின் ஓர் இழையைக் கவனிக்க வேண்டும். மலரைப் படைத்தவர் அதைக் கண்ணுக்கும் மூக்குக்கும் கொடுத்தார். உச்சந்தலைக்கு மணமும் தெரியாது நிறமும் தெரியாது. ஆகவே முடியாகச் சூடுவது மலரின் இயல்புக்கு விரோதம் என்கிறார். முடிவை ஏற்காவிட்டாலும் அளவுகோலை ஏற்கலாம். ஒரு பொருளை அதன் இயல்புக்கேற்பப் பயன்படுத்து என்ற அந்த அளவுகோலை மிட்டாய்க்குப் பொருத்தினால், நாக்குக்கென்று செய்ததைப் பசையில் பதித்து வார்னிஷால் மூடுவதுதான் இயல்பு மீறல். தின்ன முடியாத மிட்டாய், மிட்டாயின் படம், அவ்வளவே.

வளையத்தின் பழைய பொருளை முன்வைத்து எழும் மறுப்பு இன்னொன்று. பசுமை மாறாத ஃபர், ஹாலி இலைகளால் வளையம் கட்டுவது அழியாமையைக் குறிக்க. தொடக்கமும் முடிவும் இல்லாத வட்டம் நித்தியத்தைக் குறிக்க. நாலு பேர் கத்தரித்தால் பல்லுப்போன வாய்போல் இடைவெளி விழும் வளையம் நித்தியத்தை எப்படிக் குறிக்கும்? நியாயமான கேள்வி. ஆனால் பச்சை வளையமும் அழியாமையை நடிக்கிறதே ஒழிய அடைவதில்லை. வெட்டிய கிளை ஜனவரிக்குள் உதிரத் தொடங்கிவிடும். கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது பவுலடிகள் விளையாட்டு வீரர்களின் அழியும் முடியைக் குறிப்பிட்டு, நாமோ அழியாத முடிக்காக ஓடுகிறோம் என்கிறார். அந்த ஊருக்குப் பக்கத்தில் நடந்த இஸ்த்மியப் போட்டிகளில் வென்றவருக்குக் கொடுத்த முடி பைன் தழை அல்லது செலரித் தழை. அழியும் முடியைக் காட்டித்தான் அவரால் அழியாததைப் பேச முடிந்தது. கல்லிலும் பொன்னிலும் நித்தியத்தைத் தேடுகிறவர் நீண்ட காலத்தை நித்தியமென்று தவறாக எண்ணிவிடுகிறார். நித்தியம் என்பது நெடுங்காலம் நீடிப்பது அல்ல; கிறிஸ்தவ நம்பிக்கையில் அது குறையாத அன்பு. இடைவெளி விழுந்த வளையம் அதைச் சொல்லத் தகுதியற்றதென்று நான் கருதவில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் யாருக்கோ ஒன்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதுவரை சொன்ன மறுப்புகளைவிடக் கனமானது காலத்தைப் பற்றியது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரம் திருவருகைக் காலம். பழைய திருச்சபையில் அது நோன்புக் காலம். 6ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள், நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்க விதித்தார்கள். கீழைத் திருச்சபைகளில் 40 நாள் நோன்பு இன்றும் உண்டு. ஜெர்மனியின் சாக்சனியில் திருவருகைக் காலத்து ஸ்டொல்லன் ரொட்டியில் வெண்ணெய் சேர்க்கவே தடை இருந்தது; 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னசென்ட் எழுதிய கடிதத்துக்குப் பிறகுதான், அதுவும் காணிக்கை கட்டி, வெண்ணெய் போட முடிந்தது. வெண்ணெய்க்கே இவ்வளவு என்றால், டிசம்பர் முதல் தேதியிலேயே கதவில் சர்க்கரை தொங்குவதை அந்த மரபு எப்படி ஏற்கும்? இங்கே இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸின் பெயரைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. சர்க்கரையில் பாகு செய்த மருந்துச் சரக்குகள் நோன்பை முறிக்குமா என்ற கேள்விக்கு, அவை பசியாறுவதற்கு அல்ல, செரிமானத்துக்கென்று உண்ணப்படுவதால் முறிக்காது என்று 13ஆம் நூற்றாண்டில் அவர் எழுதினார். அதே மூச்சில், ஏமாற்றும் நோக்கத்தோடு அதையே உணவாக ஏராளமாகத் தின்றால் முறிக்கும் என்றும் சொல்லிவைத்தார். அங்கும் முடிவுசெய்வது எண்ணம்தான், தப்பிக்க வழியில்லை. ஹாம்பர்கில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் 1839இல் செய்த முதல் திருவருகை வளையத்தை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். பழைய வண்டிச்சக்கரம் ஒன்றில் வாரநாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்தி, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்தி நான்கு என்று வைத்து, நாளுக்கொன்றாக ஏற்றினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த சிறுவர்களுக்குக் காத்திருப்பதை ஒளியால் கற்பித்தது அந்த வளையம். அது நாளுக்கு நாள் நிறைந்துகொண்டே போனது. மிட்டாய் வளையமோ நாளுக்கு நாள் குறைவது. காத்திருப்புக்கு நிறைவது பொருந்தும். பண்டிகை வந்துவிட்டால் குறைவது பொருந்தும். ஆகவே நோன்புக்காரர்களின் மறுப்பை நான் முழுமனதோடு ஏற்கிறேன். மிட்டாய் வளையத்தைக் கட்ட வேண்டியது டிசம்பரில். தொங்கவிட வேண்டியது 24ஆம் தேதி மாலையில். கத்தரிக்க வேண்டியது கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா வரையிலான நாள்களில். இன்றைய வழக்கத்தில் 25ஆம் தேதி மதியத்தோடு பண்டிகை செத்துவிடுகிறது. உண்மையில் அது தொடங்குவதே அப்போதுதான்.

சர்க்கரையைப் பற்றிய மறுப்புக்கு வருகிறேன். மசாசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டு 1681 வரை வைத்திருந்த பியூரிட்டன்களின் கண்டிப்பு நமக்கு விநோதமாகத் தோன்றலாம். சர்க்கரையைக் கண்டித்த பிற்காலத்தவரின் வாதத்தை அப்படிக் கடந்துபோக முடியாது. 1791இல் வில்லியம் ஃபாக்ஸ் லண்டனில் வெளியிட்ட சிறு நூல், வாரத்துக்கு 5 பவுண்டு சர்க்கரை பயன்படுத்தும் ஒரு குடும்பம் 21 மாதம் அதை நிறுத்தினால் ஒரு மனிதன் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம் என்று கணக்குப் போட்டது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பில் கலந்திருந்த ரத்தத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்து காட்டிய எழுத்து அது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சர்க்கரையை விட்டன. அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய கிண்ணங்கள்கூட விற்பனைக்கு வந்தன. பிறகு அடிமைமுறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கத் தோட்ட முதலாளிகள் வந்தது நம் கரைக்கு. 1860இல் மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் இறக்கியது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி கதறியது நமக்குத் தெரியும். ஆகவே தமிழில் படிப்பவர்களுக்குச் சர்க்கரையின் வரலாறு அயலூர்ச் செய்தி அல்ல. இந்த மறுப்புக்கு நான் தரக்கூடிய விடை அரைகுறையானதே. இனிப்பின் பின்னால் இருந்த கொடுமை, இனிப்பைப் புனித நாளிலிருந்து விலக்கச் சொல்லவில்லை. எங்கிருந்து, யார் கையால் வந்தது என்று கேட்கச் சொல்கிறது. ஃபாக்ஸின் வாசகர்கள் அதைத்தான் செய்தார்கள். வளையத்துக்கு மிட்டாய் வாங்குகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்கினால், அவர் வீட்டு வாசலில் தொங்குவது பாதி உண்மைதான். நீரிழிவும் பல்வலியும் உள்ள வீடுகளுக்கு ஸ்ட்ராஸ்பர்க்காரர்களே வழிகாட்டியிருக்கிறார்கள். ஆப்பிளும் கொட்டையும் நூலில் கட்டுப்படாதவை அல்ல.

கடைசியாக, நம் ஊர் வாசகர் கேட்கக்கூடிய ஒன்று. ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்துகிறார்கள். அதுவும் உண்ணும் அலங்காரம்தான். கோத்து, சாத்தி, பிறகு எடுத்து எல்லோருக்கும் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். அங்கே வடை முதலில் தெய்வத்தின் மேனியைத் தொட்டு வருகிறது, ஆகவே புனிதம். கதவில் தொங்கும் மிட்டாய் யாருக்கும் படைக்கப்படவில்லையே, அதில் எங்கிருந்து வந்தது புனிதம்? இந்தக் கேள்வி என் வாதத்தின் அடிமடியில் கைவைக்கிறது. கிறிஸ்தவத்தில் மிட்டாய்க்கு நிவேதனம் இல்லை என்பது உண்மை. ஆனால் மத்தேயுவின் 25ஆம் அதிகாரத்தில் பசித்தவருக்குக் கொடுத்தது எனக்கே கொடுத்தது என்கிறார் இயேசு. அதன்படி அங்கே படையல் போய்ச் சேரும் இடம் அயலாரின் கை. இன்னும் பொருத்தமான சான்று நெகேமியாவின் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. சிறைமீண்டு வந்த மக்கள் எருசலேமில் திருச்சட்டத்தை வாசிக்கக் கேட்டு அழுகிறார்கள். தலைவர்கள் அவர்களைத் தேற்றுகிறார்கள்: இன்று புனித நாள், அழ வேண்டாம், போய்க் கொழுமையானதை உண்ணுங்கள், இனிப்பானதைப் பருகுங்கள், ஒன்றும் ஆக்கிவைக்க முடியாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்கிறார்கள். இனிப்பும் புனித நாளும் ஒரே வாக்கியத்தில், அதோடு பிரியாமல் பங்கு அனுப்பும் கட்டளை. லேவியராகமத்தின் 23ஆம் அதிகாரத்திலும் இதே அமைப்பைக் காணலாம். அது முழுக்கப் பண்டிகைகளின் அட்டவணை. அதன் நடுவே, வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்று ஒரு விவசாயச் சட்டம் நிற்கிறது. உரையாசிரியர்கள் அது அங்கே ஏன் வந்தது என்று வியந்திருக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ஓரத்தைப் பிறருக்கு விடாத பண்டிகை பண்டிகையே ஆகாது என்று சொல்ல அட்டவணையின் நடுவைவிடச் சரியான இடம் கிடையாது.

இதனால்தான் வீட்டுக்குள் உறவினர் மட்டும் கத்தரித்துக்கொள்ளும் வளையம் எனக்குப் போதவில்லை. நெகேமியாவின் அளவுகோலில் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. வளையம் வாசலுக்கு வெளியே தொங்க வேண்டும். கத்தரிக்கோல் ஒரு சிறு பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும். முதல் மிட்டாய் வீட்டாருக்கல்ல, அழைக்காமல் வந்தவருக்கு. தபால்காரர், குப்பை எடுக்க வருபவர், பார்சல் கொண்டுவரும் பையன், பண்டிகை கொண்டாடாத பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராக இருந்தாலும் சரி. இந்த ஆண்டு மிட்டாய் வளையம் கட்ட நினைத்திருப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது மூன்றுதான். பசையை எடுக்காதீர்கள், நூலை எடுங்கள். 24ஆம் தேதி மாலை வரை பொறுத்திருந்து தொங்கவிடுங்கள். ஜனவரி 6 அன்று வெறும் கம்பி மட்டும் மிஞ்சும்படி கொடுத்துத் தீருங்கள்.